ஆடி மாதமும் பதினெட்டு விரிப்புகளும்

என் படங்களை மட்டுமே வைத்துக் கண்காட்சி நடத்த எனக்கு ஒரு ஹால் கிடைத்தது என்றால், அது ஆடி மாதம் என்பதால்தான். தென்காசியில் ஒரு வாசகர் மன்றத்தின் மாடி அது. மற்ற மாதங்களில் நிச்சயதார்த்தம், காதுகுத்து, வளைகாப்பு என்று யாராவது பதிந்து வைத்திருப்பார்கள். ஆடியில் யாரும் விசேஷம் வைக்க மாட்டார்கள், ஹால் சும்மா கிடக்கும். மன்றத்துச் செயலாளர் பணி ஓய்வு பெற்றவர், நல்ல மனிதர். "மூணு நாளு எடுத்துக்கோம்மா. வெள்ளி, சனி, ஞாயிறு. சுவத்துல பதினெட்டு கொக்கி இருக்கு. பதினெட்டுலயும் படம் தொங்கணும், பாத்துக்கோ. நடுவுல காலியா கெடந்தா சுவரு மூளியா தெரியும்" என்றார்.

எனக்கோ வருஷத்தில் மூச்சுவிட நேரமில்லாத மாதம் ஆடிதான். குற்றாலத்தில் ஒரு லாட்ஜில் ரிசப்ஷனில் இருக்கிறேன். காலை எட்டு முதல் மாலை ஆறு வரை சாவி கொடுப்பதும் வாங்குவதும், "சார், ஹாட் வாட்டர் ஏழு மணிக்குத்தான்" என்று நாற்பது பேரிடம் நாற்பது முறை சொல்வதும் என் வேலை. சாரல் தொடங்கி அருவியில் கூட்டம் சேர்ந்துவிட்டால் வார லீவும் கிடையாது. ஓவிய ஆசிரியர் பயிற்சி முடித்துவிட்டு, போஸ்டிங் வரும்வரை இருப்போம் என்று வந்து உட்கார்ந்தவள். பதினோரு வருஷம் ஆகிவிட்டது. போஸ்டிங் வரவில்லை, நானும் அதை எதிர்பார்ப்பதை விட்டுவிட்டேன்.

வரைவதை மட்டும் விடவில்லை. திருநெல்வேலியில் பத்துப் பேரோடு சேர்ந்து நடந்த ஒரு கண்காட்சியில் என் படம் இரண்டு தொங்கியது. அவற்றைப் பார்த்துவிட்டுத்தான் செயலாளர் என்னைக் கூப்பிட்டார். "தனியா ஒரு கண்காட்சி வைக்கியாம்மா?" என்று கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்று வாயில் வந்தது. ஆனால் வைக்கிறேன் என்றுதான் சொன்னேன். நாற்பத்து மூன்று வயதில் யோசிக்க ஆரம்பித்தால் யோசனை மட்டும்தான் மிஞ்சும் என்று எனக்குத் தெரியும்.

நான் வரைந்தது லாட்ஜ் பெட்ஷீட்டில். சொன்னால் சிரிப்பார்கள். குற்றாலத்துக்கு வருகிறவர்கள் உடம்பு முழுக்க எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவியில் போய் நிற்பார்கள். எவ்வளவு தண்ணீர் அடித்தாலும் முதுகில் ஊறிய எண்ணெய் முழுசாகப் போகாது. அறைக்குத் திரும்பி வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு அப்படியே கட்டிலில் விழுவார்கள். மறுநாள் அவர்கள் காலி செய்துவிட்டுப் போன பிறகு விரிப்பைப் பார்த்தால் ஆள் அங்கேயே படுத்திருப்பார். தோள், இடுப்பு, மடக்கிய முழங்கால், சிலபேருக்குக் காது கூடத் தெரியும். அறைகளைச் சரிபார்க்கப் போகும்போது பல வருஷம் இதைப் பார்த்துப் பார்த்து எரிச்சல்பட்டிருக்கிறேன். ஒருநாள் எரிச்சல் வரவில்லை. கதவைச் சாத்திவிட்டுப் பத்து நிமிஷம் நின்று பார்த்தேன்.

இரண்டு முறை துவைத்தும் கறை போகாத விரிப்பைக் கிழித்துத் தரை துடைக்கப் போடுவது எங்கள் லாட்ஜ் வழக்கம். அப்படி ஒதுக்கியதைப் போட்டு வைக்கும் சாக்கிலிருந்து, கிழிப்பதற்கு முன்னால் நான் எடுத்துக்கொண்டேன். அதில் கஞ்சியும் சொட்டு நீலமும் கலந்து பூசினால், எண்ணெய் இருக்கும் இடத்தில் நீலம் ஏறாது. சுற்றி எல்லாம் நீலமாகி, நடுவில் ஆள் மட்டும் வெளுப்பாகக் கிடப்பார். அதற்கு மேல் மெல்லிய தூரிகையால் நான் சேர்ப்பது கொஞ்சம்தான். கோடு எங்கே போக வேண்டும் என்பதைத் தூங்கினவரே போட்டுக் கொடுத்திருப்பார். முகம் கிடையாது, பெயர் கிடையாது, அறை எண்ணும் எழுத மாட்டேன் என்று எனக்கு நானே ஒரு சட்டம் வைத்திருந்தேன்.

ஒன்றரை வருஷத்தில் பதினாறு முடித்தேன். காலை நாலரைக்கு எழுந்து ஆறரை வரை, பிறகு மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் அரைமணி. குத்துக்கல்வலசையில் எங்கள் வீட்டில் சாரல் காலத்தில் கைக்குட்டை கூடக் காயாது. அதனால் படங்களை லாட்ஜின் துணி அறையில், பீரோவுக்குப் பின்னால் சுருட்டி வைத்திருந்தேன். அங்கே எந்நேரமும் இரண்டு ஃபேன் ஓடும், இஸ்திரிப் பெட்டியின் சூடும் இருக்கும்.

அந்த அறை துணி துவைக்கிறவளின் ராஜ்ஜியம். என்னைவிட நாலைந்து வயது சின்னவள், லாட்ஜில் எனக்கு முன்னாலிருந்தே இருப்பவள். நாலு பேர் முன்னால் என்னை மேடம் என்பாள், தனியாக இருந்தால் யக்கா. தினமும் சேர்ந்துதான் சாப்பிடுவோம். படங்களைப் பற்றி அவளிடம் மட்டும் நான் சொல்லவே இல்லை. அவள் குப்பையில் போட்டதை எடுத்துப் படம் வரைகிறேன் என்றால் சிரிப்பாளோ என்று கூச்சம். அவள் மகளின் பிரசவத்துக்காக ஆனி மாதக் கடைசியில் இரண்டு வாரம் லீவு எடுத்தபோது எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. பதிலுக்கு வந்த பெண் எதையும் கண்டுகொள்ளாத ரகம். அந்த இரண்டு வாரத்தில் மொத்தத்தையும் வெளியே எடுத்து, விரித்துப் பார்த்து, கடைசிப் பூச்சு பூசி, நிம்மதியாகச் சுருட்டி வைத்தேன்.

கண்காட்சிக்குப் பதினோரு நாள் இருந்தது. திங்கள்கிழமை. ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் நான் மேஜையை விட்டு எழுந்திருக்கவே இல்லை. திங்கள் மத்தியானம் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு துணி அறைக்குப் போனேன். அவள் லீவு முடிந்து வந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்து இழுத்தாள்.

"யக்கா, இங்கன வாங்க. நான் இல்லாத நேரத்துல அந்தப் புதுப் பொம்பள என்ன காரியம் பண்ணிருக்கா தெரியுமா? பதினாறு பெட்ஷீட்டுல நீலத்தக் கொட்டிக் கெடுத்து, பீரோவுக்குப் பின்னால சுருட்டி ஒளிச்சு வச்சிட்டுப் போயிட்டா. ஸ்டாக்கு கொறஞ்சா ஒங்க தலையிலதான விடியும்? மொதலாளி அண்ணாச்சி கண்ணுல படுததுக்கு முன்னன்னு நேத்து ஒரே நாள்ல அம்புட்டையும் சோடா போட்டு அவிச்சு எடுத்துட்டேன். நீலம் ஒடனே போயிட்டு. எண்ணெதான் போவேனான்னு நின்னுச்சு. நானும் விடல. வழக்கமா இந்த அளவு சோடா போட மாட்டேன், துணி நைஞ்சிரும். பாருங்க, புதுசு கணக்கா இருக்கு."

மடித்து அடுக்கியிருந்தாள். பதினாறும் பளீரென்று வெள்ளையாக இருந்தன. ஓரமெல்லாம் சீராக, இஸ்திரி போட்டு, மேலே ஒரு நாப்தலீன் உருண்டை வேறு.

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று இப்போது எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. கேட்காமல் எதற்குத் தொட்டாய், உனக்கு என்ன தெரியும், ஒன்றரை வருஷம் தெரியுமா என்று வாய்க்கு வந்தபடி. அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. நான் போனை எடுத்து, முன்பு எடுத்து வைத்திருந்த படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டினேன். அவள் ஈரக் கையைச் சேலையில் துடைத்துவிட்டு வாங்கிப் பார்த்தாள். பதினாறையும் பார்த்துவிட்டு மறுபடி முதலிலிருந்து பார்த்தாள்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?" என்று கேட்டாள்.

தென்காசியில் செயலாளருக்குத் தெரியும், அழைப்பிதழ் அடித்த அச்சகத்துக்குத் தெரியும், போனில் இருக்கும் அத்தனை பேருக்கும் தெரியும். பக்கத்தில் உட்கார்ந்து என் புளிக்குழம்பில் பங்கு வாங்குகிறவளுக்குத் தெரியாது. கோபம் எல்லாம் வடிந்து எனக்கே என்மேல் அசிங்கமாக இருந்தது. சாப்பிடாமல் தூக்கை மூடிக்கொண்டு மேஜைக்குப் போய்விட்டேன்.

அன்று மாலை மினிபஸ்ஸில் உட்கார்ந்து செயலாளருக்குப் போன் போட எண்ணை எடுத்தேன். ஹால் வேண்டாம் என்று சொல்லிவிடலாம், அடுத்த ஆடியில் பார்க்கலாம். கட்டை விரல் எண்ணுக்கு மேலேயே நின்றது. அடுத்த ஆடி வரும், அப்போதும் சீசன் இருக்கும், அப்போதும் ஏதாவது வரும். நான் இத்தனை வருஷமும் அடுத்த மாதம், அடுத்த வருஷம் என்று சொல்லித்தானே இந்த மேஜையில் உட்கார்ந்திருக்கிறேன்? போனைப் பைக்குள் போட்டேன். வீட்டுக்குப் போனதும் வீட்டுக்காரரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் புளியறைப் பக்கம் ஒரு மரக்கடையில் வேலை பார்க்கிறவர், படங்களுக்கு மரச்சட்டம் எல்லாம் அவர்தான் அறுத்துக் கொண்டுவந்தார். "பதினெட்டு சட்டத்துக்கு ரீப்பர் கட்டை அறுத்தாச்சு. துணி இல்லன்னா சட்டத்த மட்டும் தொங்க விடுவியாக்கும்?" என்றார். அந்த நேரத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது.

செவ்வாய்க்கிழமை காலை அவள் ரிசப்ஷனுக்கு வந்து மேஜைக்கு எதிரே நின்றாள். கையில் ஒரு மூட்டை.

"எத்தன வேணும்?"

"பதினெட்டு."

"என்னைக்குள்ள?"

"அடுத்த வாரம் வியாழன்."

மூட்டையை மேஜைமேலேயே அவிழ்த்தாள். ஞாயிறும் திங்களும் காலி செய்தவர்களின் விரிப்புகளிலிருந்து மூன்றைப் பொறுக்கி வந்திருந்தாள். ஒவ்வொன்றையும் மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து, விரலால் நிமிண்டிச் சொன்னாள். "இது நல்லெண்ணெ, வெந்நில அலசுனா போயிரும், இது ஒங்களுக்கு வேண்டாம். இது வெளக்கெண்ணெ. இது மலையாளத்துத் தைலம், என்ன மருந்தோ போட்டிருக்கான், உசிரு போனாலும் போகாது. இந்த ரெண்டையும் வச்சுக்கோங்க."

ஒரு விரிப்பு உருப்படியா, உருப்படாததா என்று தீர்ப்புச் சொல்கிற அதிகாரம் லாட்ஜில் அவளுக்கு மட்டும்தான். முதலாளி கூட அதில் தலையிட மாட்டார். அந்த அதிகாரத்தை எனக்காக அவள் ஒருமுறைகூட வளைக்கவில்லை. அழகான முதுகு விழுந்த ஒரு விரிப்புக்கு நான் கெஞ்சியும் பார்த்தேன். "அது போயிரும் யக்கா. நல்ல துணியக் கொன்னுட்டேன்னு பொய் சொல்ல மாட்டேன்" என்று வெடுக்கென்று வாங்கித் துணி அவிக்கிற கொப்பரையில் போட்டாள். கோபம் வந்தது. அவள் சொல்வது நியாயம் என்பதால் அதிகமாக வந்தது.

இன்னொன்றும் நடந்தது. முன்பு நான் பயன்படுத்தியவை இரண்டு தடவை துவைத்த பிறகு சாக்குக்குப் போனவை, அதனால் உருவம் மங்கலாக இருக்கும். இப்போது அவள் முகர்ந்தே தீர்மானித்துத் துவைக்காமல் கொடுத்தாள். மேலும் கீழும் செய்தித்தாள் வைத்து இஸ்திரி போட்டு எண்ணெயை நூலுக்குள் இறக்கவும் அவள்தான் சொன்னாள். நீலத்தைப் பூசியதும் தோள்பட்டை எலும்பு வரைக்கும் தெரிந்தது. அழிந்துபோன பதினாறைவிட இவை நன்றாக வந்தன. இதை ஒப்புக்கொள்ள எனக்கு நாலு நாள் ஆனது. அவளிடம் சொல்லிவிட்டேன். "அப்போ நான் அவிச்சது நல்லதாப் போச்சுன்னு சொல்லுங்க" என்றாள். அவ்வளவு தூரம் போகாதே என்றேன்.

அந்தப் பத்து நாளும் நான் எப்படி இருந்தேன் என்று நினைத்தால் இப்போது களைப்பு வருகிறது. காலை நாலு மணிக்கு எழுந்து வீட்டில் இரண்டு சட்டங்கள். முதல் மினிபஸ். எட்டு முதல் ஆறு வரை மேஜை. மத்தியானம் சாப்பாட்டை வாயில் அடைத்துக்கொண்டு துணி அறையில் ஒரு பூச்சு. நகக்கண்ணில் நீலம் ஏறி, சாவி வாங்க வந்த ஒரு அம்மா, "என்னம்மா, நெஞ்சு வலி கிலி இருக்கா, நகம் நீலமா இருக்கே?" என்று பதறினார். முதலாளியிடம் மூன்று நாள் லீவு கேட்டேன். "ஏம்மா, சீசன்ல போயா? நாலு மணிக்கு வேணா எந்திச்சுப் போ, மச்சினன உக்கார வைக்கேன்" என்றார். கண்காட்சி ஐந்து மணிக்குத்தான் திறப்பு. நாலு மணி போதும் என்று சொல்லிவிட்டேன்.

வியாழக்கிழமை காலை பதினேழு முடிந்திருந்தது. பதினெட்டாவதுக்கு ஆள் இல்லை. புதன்கிழமை வந்தவர்கள் எல்லாம் குழந்தை குட்டியோடு வந்த குடும்பங்கள், எண்ணெய்ப் பக்கமே போகவில்லை. ஓரம் கிழிந்ததென்று ஒதுக்கிய ஒரே ஒரு விரிப்பு இருந்தது, சுத்தமாக. பன்னிரண்டு மணிக்கு இருநூற்றி ஆறாம் அறை காலியானது. அடுத்த பார்ட்டி இரண்டு மணிக்கு வருவதாக இருந்தது.

அவள் அந்தக் கிழிந்த விரிப்பையும் ஒரு எண்ணெய்க் கிண்ணத்தையும் எடுத்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்றாள். "வாங்க" என்றாள்.

"எங்க?"

"நீங்கதான் படுக்கணும். வேற ஆளுக்கு நான் எங்க போவேன்?"

எனக்கு முதலில் பயம்தான் வந்தது. வேலை பார்க்கிற லாட்ஜில், வேலை நேரத்தில், பார்ட்டிக்குக் கொடுக்கப் போகிற அறையில் படுப்பது என்றால் வேலையே போய்விடும். வேண்டாம் என்றேன். "அப்போ பதினேழு போதுமா?" என்று கேட்டாள். போதாது. அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

மேஜையில் அவளை உட்கார வைக்க முடியாது, அவள் எண்ணெய் தேய்க்க வேண்டும். மணி அடிக்காதபடி போன் ரிசீவரை எடுத்துக் கீழே வைத்துவிட்டு, "சிறிது நேரத்தில் வருகிறோம்" என்று அட்டையை மாட்டிவிட்டு மாடி ஏறினோம். கதவைத் தாழிட்டாள். பதினோரு வருஷமாக ஊரில் உள்ளவர்கள் எல்லாம் எண்ணெய் தேய்த்துக்கொண்டு போவதைப் பார்த்திருக்கிறேன், ஒருநாள் கூட நான் தேய்த்துக்கொண்டதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அவள் கை சோடாவில் சொரசொரத்துக் கிடந்தது. கழுத்தில் ஆரம்பித்து முதுகு வழியாக இறக்கினாள். "இந்தத் தோளு ஏன் இப்பிடி எறங்கிக் கெடக்கு?" என்று கேட்டாள். அந்தப் பக்கம்தான் போனை இடுக்கிக்கொண்டு எழுதுவேன் என்றேன். விரிப்பில் படுத்தேன். ஜன்னலுக்கு வெளியே சாரல் விழுந்துகொண்டிருந்தது. பத்து நிமிஷம் அசையாமல் கிடந்தால் போதும் என்று நினைத்தேன்.

அவள் தட்டி எழுப்பியபோது மணி ஒன்றே முக்கால். அவள் கீழே போய் என் நாற்காலியில் உட்கார்ந்து, வந்தவர்களிடம் எல்லாம் "ரூம் இல்ல" என்று சொல்லி அனுப்பியிருக்கிறாள். அதற்குள் ஐந்து அறை காலியாகியிருந்தது.

அந்த விரிப்பில் எண்ணெய் ஊறப் போதுமான நேரமில்லை. வெள்ளிக்கிழமை விடியற்காலையில் நீலத்தைப் பூசியபோது விளிம்பில் கொஞ்சம் உள்ளே கசிந்தது. அப்படியே விட்டு, இஸ்திரி போட்டுக் காயவைத்தேன். தூரிகையால் ஒன்றும் சேர்க்கவில்லை. வீட்டுக்காரர் பதினெட்டையும் ஒரு குட்டியானை வண்டியில் ஏற்றிக் கொண்டுபோய்க் கொக்கிகளில் மாட்டினார். நான் எட்டு மணிக்கு டூட்டியில் இருந்தேன்.

ஒவ்வொன்றின் கீழும் எண்ணெயின் பெயரை மட்டும் எழுதினோம். விளக்கெண்ணெய், வேப்பெண்ணெய், தைலம். அதெல்லாம் அவள் சொல்லி நான் எழுதியது. மூன்று நாளும் நான் நினைத்ததைவிடக் கூட்டம் வந்தது. சனிக்கிழமை அவள் தன் சின்ன மகளைக் கூட்டிக்கொண்டு வந்து, தெரியாதவர்களுக்கெல்லாம் எந்தக் கறை எந்த எண்ணெய் என்று விளக்கினாள். என்னைவிட அவள் சொன்னதைத்தான் ஜனங்கள் நின்று கேட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஏழு மணிக்கு முதலாளி வந்தார். குடையை வாசலில் மடக்கி வைத்துவிட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார். நான் பின்னாலேயே போனேன்.

"எல்லாம் நம்ம பெட்ஷீட்டாம்மா?"

"ஆமா அண்ணாச்சி. போகாதுன்னு ஒதுக்குனது."

அவர் தலையை ஆட்டினார். பதினெட்டாவது படத்துக்கு முன்னால் வந்து நின்றார். மற்றதெல்லாம் அகலமான ஆண் முதுகுகள். இது ஒடுங்கியது, ஒரு தோள் இறங்கியது, ஒரு கை கன்னத்துக்கு அடியில் மடங்கியது.

"இது யாரு? பொம்பள ஆளுல்லா?"

ஏதோ ஒரு பார்ட்டி என்று சொல்லியிருக்கலாம். அவர் நம்பியிருப்பார். இனி எதையும் பீரோவுக்குப் பின்னால் சுருட்டி வைக்க எனக்கு மனசில்லை.

"நான்தான் அண்ணாச்சி. வியாழக்கெழம மத்தியானம், இருநூத்தி ஆறுல. பார்ட்டி வர்றதுக்கு முந்தி."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு படத்தைப் பார்த்தார். ஹாலில் யாரோ இருமினார்கள். நான் கையைக் கட்டாமல் நேராக நின்றேன். என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும் என்று இருந்தது.

"தூங்குனியா?" என்று கேட்டார்.

"தூங்குனேன் அண்ணாச்சி. ஒண்ணேகால் மணி நேரம்."

"நல்லா தூங்குனியா?"

"நல்லா தூங்குனேன்" என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துண்டில் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு, இன்னும் ஓர் அடி கிட்டப் போய்ப் பார்க்க ஆரம்பித்தார்.